ரோட்டுக்கு அந்தப் பக்கத்து நீதிமன்றம்

லா ஷப்பல் பெருஞ்சாலையில், தலைக்கு மேல் மெட்ரோ ஓடும் இரும்புப் பாலத்துக்கு வடக்கே நின்று முருங்கைக்காய் வாங்கினால் அது என் நீதிமன்றத்தின் எல்லை. தெற்கே நின்று வாங்கினால் வேறொரு நீதிமன்றத்தின் எல்லை. முருங்கைக்காய்க்கு இது தெரியாது. வாங்குகிறவருக்கும் தெரியாது. தெரிந்து வைத்திருப்பதற்காக எனக்கு அரசாங்கம் முப்பத்தோரு வருடம் சம்பளம் கொடுத்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய ரப்பர் முத்திரையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மதாம், இதில் ஏன் வட்டார எண் இருக்கிறது? பாரிஸுக்கு ஒரே நீதிமன்றம்தானே?" அவள் படித்து முடித்து வந்தபோதே எல்லாம் ஒன்றாகிவிட்டது. அவளுக்கு வாயால் சொல்லத் தொடங்கியது நீண்டுவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.

நான் புதுச்சேரிக்காரி. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தோடு இங்கே வந்தபோது எனக்குப் பதினாறு வயது. அப்பாவுக்கு அரசாங்க வேலை என்றால் உயிர். "காக்கி இல்லாட்டி கறுப்புக் கோட்டு, ரெண்டுல ஒண்ணு போட்டுரு" என்பார். போட்டித் தேர்வு எழுதி நீதிமன்ற எழுத்தர் ஆனேன். திஜோன் நகரத்துப் பயிற்சிப் பள்ளியில் இருந்து அந்த ஊரின் பெயர்போன கடுகுச் சாந்தும் குளிரும் போக ஒரு வாக்கியம்தான் நினைவில் தங்கியிருக்கிறது: நீதிபதி சொல்வது பேச்சு, எழுத்தர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தால்தான் அது தீர்ப்பு. அந்தத் திமிரோடுதான் வேலைக்குச் சேர்ந்தேன்.

அன்றைய ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பாரிஸில் இருபது வட்டாரம். வட்டாரத்துக்கு ஒரு சின்ன நீதிமன்றம். பெரும்பாலும் வட்டார நகரசபைக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். வாடகைத் தகராறு, பக்கத்து வீட்டு நாய், புத்தி தடுமாறிய முதியவருக்குக் காப்பாளர் வைப்பது, திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறவர்களின் ஒப்பந்தத்தைப் பதிவது, தேர்தல் பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்களின் புகார், எல்லாம் அங்கே. பெரிய வழக்குகளுக்கு ஆற்றின் நடுத்தீவில் பெரிய நீதிமன்றம். அதில் தோற்றவருக்கு மேல்முறையீடு, அதுவும் அதே தீவில்தான். ஸ்தேன் போன்ற புறநகர்க்காரர்களுக்கு இதெல்லாம் இல்லை, அவர்களுக்கு வேறு மாவட்டம், வேறு நீதிமன்றங்கள். காகிதத்தில் போட்டால் அழகான படம். ஆனால் ஸ்தேனில் தூங்கி, பாலத்துக்குத் தெற்கே ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் வேலை செய்து, வடக்கே ரூ பஜோலில் சாமி கும்பிடுகிற மனிதருக்கு இந்தப் படத்தை விளக்கிப் பாருங்கள், தெரியும்.

நம் ஆட்களுக்குப் பாலத்தின் இரண்டு பக்கமும் ஒரே ஊர். பெயர் லாசப்பல். அந்த ஊருக்கு நடுவே அரசாங்கம் ஒரு கோடு கிழித்திருக்கிறது என்பதை யாழ்ப்பாணத்து மக்கள் கடைசி வரை ஒப்புக்கொள்ளவே இல்லை. கோட்டுக்கு வடக்கே இருந்த எங்கள் நீதிமன்றத்தின் மனுச் சன்னலுக்கு, தெற்கே போக வேண்டியவர்கள் நாள் தவறாமல் வந்தார்கள். அவர்களுக்காகவே பிறந்தவர்போல எங்கள் தலைமை எழுத்தர் இருந்தார்.

மதாம் கெரூவெல், பிரித்தானி கடற்கரைக்காரர். ஒல்லி உடம்பு, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, அதன் பையில் எப்போதும் குலுங்கும் சாவிக்கொத்து. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பென்சில் சீவுவார். இரண்டு பென்சில் சீவினால் நாங்கள் எல்லோரும் சுவரோடு சுவராக நடப்போம். அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. சன்னலுக்கு வருகிறவரிடம் "இங்கே இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது. "அது பதில் அல்ல, கதவு" என்பார். தவறான நீதிமன்றத்துக்கு வந்தவருக்கு அரைத்தாளில் நான்கு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த இடம், எப்படிப் போவது, எந்தக் கதவு, அங்கே யாரைக் கேட்பது. நான்காவது வரி இல்லாத சீட்டை அவர் பார்த்துவிட்டால் அன்று பென்சில் தூள் பறக்கும்.

நான்காவது வரியை எழுத, இருபது நீதிமன்றத்திலும் யார் எந்தச் சன்னலில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து எல்லோருக்கும் தொலைபேசி போட்டுப் பட்டியலைத் திருத்துவோம். முதலில் எனக்கு இது கிறுக்குத்தனமாகப் பட்டது. பிறகு ஒரு நாள் தொலைபேசியில் யாரோ ஒரு எழுத்தர், "உங்கள் சீட்டோடு வருகிறவர்கள் மட்டும் அழுதுகொண்டு வருவதில்லை" என்றார். அன்றிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை.

மதாம் கெரூவெல் எப்படிப்பட்டவர் என்பதற்கு இன்னொன்று சொல்ல வேண்டும். 2009 வாக்கில் சேர்ந்து வாழும் ஒப்பந்தத்தைப் பதிய ஒரு தமிழ் ஜோடி வந்தது. பையன் தமிழ்நாட்டில் இருந்து வந்த கணினிக்காரன், பெண் இங்கேயே பிறந்த யாழ்ப்பாணத்துப் பெண். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நேரம் கொடுத்தேன். பெண் தலையாட்டினாள். பையன் மட்டும் காதருகே வந்து, "மேடம், அது ராகு காலம். ஒன்றரை மணிக்கு மேல ஸ்லாட் கிடைக்குமா? ஊர்ல அம்மாகிட்ட டைம் சொல்லணும்" என்றான். கல்யாணமே வேண்டாம் என்கிறவனுக்கு நல்ல நேரம் மட்டும் வேண்டும். சிரிப்பை அடக்கிக்கொண்டு மதாம் கெரூவெலிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த நேரங்கள் தினமும் மாறுமா?" என்று கேட்டார். கிழமைக்குக் கிழமை மாறும் என்றேன். ஒரு தாளை எடுத்து, திங்கள் முதல் ஞாயிறு வரை நான் சொல்லச் சொல்லப் பிரெஞ்சில் எழுதி, தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தத் தமிழ் ஜோடிக்கும் எங்கள் சன்னலில் கெட்ட நேரத்தில் நேரம் கொடுக்கப்படவில்லை. பக்கத்து வட்டாரத்துத் தமிழர்கள் இதைக் கேள்விப்பட்டு எங்களிடம் பதிய வந்தார்கள். அவர்களுக்கும் சீட்டுத்தான்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

2012, தேர்தல் நாள். சின்ன நீதிமன்றங்கள் ஞாயிறு திறந்திருப்பது அந்த ஒரு காரணத்துக்காகத்தான். பட்டியலில் இருந்து பெயர் தவறுதலாக விட்டுப்போயிருந்தாலோ, உரிய முறையில் அறிவிக்காமல் பெயரை நீக்கியிருந்தாலோ, வாக்குப்பதிவு முடிவதற்குள் நீதிபதியிடம் வரலாம். அவர் அங்கேயே விசாரித்து அங்கேயே தீர்ப்பு எழுதிக் கொடுப்பார். அந்தக் காகிதத்தோடு ஓடிப்போய் வாக்களிக்கலாம். பாரிஸில் இரவு எட்டு மணிக்குப் பெட்டி மூடும். எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு எங்கள் தீர்ப்பு வெறும் காகிதம்.

மாலை நாலரை மணிக்குச் சன்னலில் ஒரு பட்டுச்சேலை வந்து நின்றது. மயில்கழுத்து நிறம், தங்கக் கரை. தலையில் மல்லிகைச் சரம், நெற்றியில் திருநீறு. கையில் அடையாள அட்டையைத் தாலி போலப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி அழுகையை விழுங்கிக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா, உக்காருங்க. என்னாச்சு?" என்றேன்.

தமிழைக் கேட்டதும் அழுகை அணை உடைந்தது. "அக்கா, நீங்கள் தமிழோ? வோட்டுப் போடப் போனனான். பேர் இல்லை எண்டு சொல்லிப் போட்டினம். மூண்டு தரம் தேடிப் பாத்தவை. இல்லையாம்."

அவர் என்னை அக்கா என்றார், நான் அவரை அக்கா என்றேன். படிவத்துக்குப் பிறந்த தேதி கேட்டபோதுதான் நான்கு வயது மூத்த அக்கா நான்தான் என்று தெரிந்தது. தெரிந்தும் இருவரும் மாற்றிக்கொள்ளவில்லை. பெயர் சிவபாக்கியம். வயது ஐம்பத்தொன்று. வீட்டில் இருந்தபடி ரவிக்கை தைத்துக் கொடுப்பவர்.

"இதுவரைக்கும் எங்க வோட்டுப் போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன். அது படிவத்துக்கான கேள்விதான்.

"எங்கையும் இல்லை. ஊரிலை வயசு வந்த நாளிலை இருந்து ஒவ்வொரு எலக்சனுக்கும் ஒவ்வொரு பிரச்சினை. பகிஷ்கரிப்பு, ஊரடங்கு, பேந்து இடம்பெயர்வு. இஞ்சை வந்து இருவது வருசம் வெளிநாட்டுக்காரி. பிரஜாவுரிமை கிடைச்ச உடனை போய்ப் பதிஞ்சனான். அடுத்த வருசம் ஒரு எலக்சன் வந்தது. அந்த நேரம் லண்டனிலை மகளுக்குப் பிள்ளைப்பேறு. இதுதான் முதல் தரம். அதுக்குத்தான் கூறைச்சேலை கட்டினனான்."

அப்பா பட்டாளத்தில் இருந்ததால் பதினெட்டு வயதில் ஏதோ பேருந்துச் சீட்டு வாங்குவதுபோல முதல் வாக்கைப் போட்டவள் நான். இவர் கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

எங்கள் வட்டார நகரசபைக்குத் தொலைபேசி போட்டேன். அப்படி ஒரு பெயர் எங்கள் பட்டியலில் எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை என்றார்கள். சந்தேகம் வந்து கேட்டேன்: "அக்கா, பதியும்போது எந்த விலாசம் குடுத்தீங்க?"

"லூயி-பிளாங் வீடு."

"இப்ப?"

"இப்ப பஜோல் பக்கம். கோயிலுக்குக் கிட்ட இருக்கட்டும் எண்டு வந்தனாங்கள்."

"வீடு மாறினதை மேரியில சொன்னீங்களா?" மேரி என்பது நகரசபை. இங்கே எந்தத் தமிழரும் வேறு சொல் சொல்வதில்லை.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான வியப்பு இருந்தது. "நான் எங்கை அக்கா மாறினனான்? ரோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தனான், அவ்வளவுதான்."

நல்ல நாள் பார்த்து, பால் காய்ச்சி, ஐயரைக் கூப்பிட்டு, முப்பது பேருக்குச் சோறு போட்டுக் குடிபுகுந்திருக்கிறார். லண்டனுக்கும் டொரண்டோவுக்கும் சொல்லியிருக்கிறார். பெருஞ்சாலையின் இரண்டு பக்கத்தாருக்கும் தெரியும். தெரியாதது இரண்டு மேரிகளுக்கும் மட்டும்தான். புது வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் போய் வாக்களிக்க நின்றிருக்கிறார்.

தெற்கு வட்டாரத்து நகரசபையைக் கேட்டேன். பெயர் இருந்தது, நீக்கப்பட்டுவிட்டது என்றார்கள். வாக்காளர் அட்டை ஆளில்லை என்று திரும்பி வந்திருக்கிறது. அதற்குப் பிறகு, இன்னும் அங்கேதான் வசிக்கிறீர்களா என்று கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவர் பதில் எழுதவில்லை. ஆகவே நீக்கினார்கள். செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறார்கள், குறை சொல்ல இடமில்லை.

"கடிதத்துக்கு நீங்க கையெழுத்துப் போட்டீங்களா?"

"எந்தக் கடிதம்?" என்றார் சிவபாக்கியம்.

அந்த வீட்டுக்கு அடுத்துக் குடிவந்தது கமலா என்ற இன்னொரு தமிழ்ப் பெண். அவளுக்குத் தொலைபேசி போட்டோம். அவள் சட்டென்று சொன்னாள்: "ஓம், ஒரு பெரிய கடிதம் வந்தது. அக்கா லண்டனிலை. திருப்பி அனுப்பினா அரசாங்கம் என்ன நினைக்கும் எண்டு நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினனான். குகன் அண்ணையின்ரை கடையிலை குடுத்தனான்."

குகன் லூயி-பிளாங்கில் தொலைபேசிக் கடை வைத்திருப்பவர். அங்கே வீட்டில் தபால்பெட்டி சரியில்லாதவர்கள், நான்கு பேர் ஓர் அறையில் இருப்பவர்கள், வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள், எல்லோருடைய கடிதங்களும் குகன் கடை இழுப்பறைக்குத்தான் வரும். அரசாங்கத் தபால்துறைக்குள் தமிழர்கள் நடத்திய இன்னொரு தபால்துறை அது. குகனைக் கேட்டோம். தகர மூடி ஒன்றைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா, அது முக்கியமான கடிதமெண்டு இழுப்பறையிலை போடாமல் பிஸ்கட் ரின்னிலை பக்குவமா வைச்சனான். வைச்சது மறந்துபோச்சு. அப்பிடியேதான் கிடக்கு" என்றார்.

"உடைச்சுப் பாத்தீங்களா?"

"சீச்சீ" என்றார் குகன்.

எனக்கு மண்டைக்குள் ஒரு விளக்கு எரிந்தது: கடிதம் இவர் கைக்கே வரவில்லை என்றால் இவருக்கு அறிவிப்பும் இல்லை. ஆனால் விளக்கு எரிந்து என்ன, எல்லை இருக்கிறதே. பெயரை நீக்கியது தெற்கு வட்டாரத்துப் பட்டியல். அதைப் பற்றிப் பேச எங்கள் நீதிபதிக்கு அதிகாரம் இல்லை. அரைத்தாளை எடுத்து நான்கு வரி எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தால் மதாம் கெரூவெல் பின்னால் நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. கமலா, குகன் கதையை அவருக்கு இரண்டு வரியில் சொன்னேன்.

"இந்த அம்மாவுக்குப் பிரெஞ்சு எவ்வளவு தெரியும்?" என்று கேட்டார்.

"கடைக்குப் போதும். நீதிபதிக்குப் போதாது."

"கடிதத்தை வாங்கிய கையெழுத்து எந்த மொழியில் இருக்கும்?"

அதை நான் யோசிக்கவே இல்லை. மதாம் கெரூவெல் தொலைபேசியை எடுத்து, பெற்றுக்கொண்ட அத்தாட்சியைத் தெற்கு நீதிமன்றத்துக்குத் தொலைநகலில் அனுப்பும்படி அந்த நகரசபையிடம் கேட்டார். பிறகு என் மேல்சட்டையை ஆணியில் இருந்து எடுத்து நீட்டினார். எனக்குப் புரியவில்லை. எல்லையைத் தாண்டி ஒரு காகிதத்தைக்கூட அனுமதி இல்லாமல் அனுப்பாத மனுஷி.

"நான்காவது வரியில் உங்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். "இங்கே சன்னலில் நான் உட்காருகிறேன். பதினைந்து வருடம் ஆயிற்று, மறந்திருக்காது. ஒன்று ஞாபகம் இருக்கட்டும், அந்தப் பக்கம் போனால் நீங்கள் எழுத்தர் இல்லை. தமிழ் தெரிந்த ஒரு குடிமகள், அவ்வளவுதான்."

மணி ஐந்தே முக்கால். டாக்சி பிடித்து லூயி-பிளாங் போய்க் குகனையும் பிஸ்கட் டப்பாவையும் ஏற்றிக்கொண்டோம். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்த குகனுக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. வழியில் ஒரு யோசனை சொன்னார்: "அக்கா, வீண் கரைச்சல் வேண்டாம். இப்பவும் லூயி-பிளாங்கிலைதான் இருக்கிறன் எண்டு சொல்லுங்கோ. ரெண்டு நிமிசத்திலை முடிஞ்சிடும்."

நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். சிவபாக்கியம் அப்படிச் சொன்னால் அதை அப்படியே நீதிபதிக்கு மொழிபெயர்க்க வேண்டியவள் நான்.

சிவபாக்கியம் மல்லிகையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "பொய் சொல்லியோ முதல் வோட்டுப் போடுறது? போடாமலே இருக்கலாம்."

குகன் பிஸ்கட் டப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தப் பட்டுச்சேலையைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

தெற்கு நீதிமன்றத்தில் எங்களுக்கு முன்னால் ஐந்து பேர். நீதிபதி என் மகள் வயதுப் பெண், மூக்கைச் சீந்திக்கொண்டே வேலை பார்த்தார். எங்கள் முறை வந்தபோது மணி ஏழு அடிக்கப் பத்து நிமிடம். என்னை மொழிபெயர்ப்பாளராகச் சத்தியம் செய்யச் சொன்னார். வலக்கையை உயர்த்தினேன். இருபத்து நாலு வருடம் மற்றவர்கள் சத்தியம் செய்ததை எழுதியவள், என் சத்தியத்தை வேறொரு எழுத்தர் எழுதுவதைப் பார்த்தேன். பேனா இல்லாமல் கைகளை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

"எங்கே வசிக்கிறீர்கள்?"

"ரூ பஜோல். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வந்திட்டன்."

அப்படியே சொன்னேன். நீதிபதி தாள்களைப் புரட்டினார். "அப்படியானால் நீங்கள் இங்கே வசிக்கவில்லை. நகரசபை பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் இருக்கிறது. முறைப்படி அறிவித்தாயிற்று. நான் என்ன செய்ய முடியும்?"

இதை மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் சத்தியம் செய்திருக்கிறேனே, செய்தேன். சிவபாக்கியம் அடையாள அட்டையை மடியில் செருகிக்கொண்டு எழப் பார்த்தார்.

"மதாம் நீதிபதி," என்றேன், "அந்தக் கையெழுத்து என்னவென்று கேட்கவில்லையே."

அவர் தொலைநகலை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். "கிறுக்கல் என்று நினைத்தேன். எழுத்தா இது?"

"தமிழ் எழுத்து. கமலா என்று இருக்கிறது."

"இவர் பெயர்?"

"சிவபாக்கியம்."

குகன் எழுந்து பிஸ்கட் டப்பாவை மேசைமேல் வைத்தார். மூடியில் வெண்ணெய் பிஸ்கட் தின்னும் ஒரு குழந்தைப் படம். உள்ளே அந்த நீள உறை, ஒட்டியது ஒட்டியபடி. நீதிபதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தை நகத்தால் தடவினார்.

"இரண்டு வருடமாக இதை யாருமே திறந்து பார்க்கவில்லையா? அரசாங்கக் கடிதம் என்று தெரிந்துமா? ஏன்?"

குகனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. என்னிடம் திரும்பி, "இதென்ன கேள்வி அக்கா? மற்ற ஆக்களின்ரை கடிதத்தை நாங்கள் என்னெண்டு உடைக்கிறது?" என்றார்.

மொழிபெயர்த்தேன். அன்று முழுக்க முதல்முறையாக நீதிபதி சிரித்தார். கத்தரிக்கோலை எடுத்துச் சிவபாக்கியத்திடம் நீட்டி, "உங்கள் கடிதம், மதாம். நீங்களே திறவுங்கள்" என்றார். தையல்காரி அல்லவா, ஒரு நூல் பிசகாமல் ஓரத்தை வெட்டினார். உள்ளே ஒரே பக்கம். இன்னும் இந்த விலாசத்தில் இருக்கிறீர்களா, இத்தனை நாளுக்குள் பதில் தாருங்கள். அவ்வளவுதான்.

"நகரசபை எழுதியது," என்று நீதிபதி தன் எழுத்தருக்குச் சொல்லத் தொடங்கினார், "ஆனால் இந்த வாக்காளருக்கு அறிவிப்புப் போய்ச் சேரவில்லை. ஒட்டிய உறையே சாட்சி. பெயரைப் பட்டியலில் மீண்டும் சேர்க்க உத்தரவிடுகிறேன்." பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த தேர்தலுக்கு முன் விலாசத்தை மாற்றச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்து நகரசபையில்" என்றார்.

தட்டச்சு, நீதிபதி கையெழுத்து, எழுத்தர் கையெழுத்து, முத்திரை. மை காய வேண்டுமே என்று சிவபாக்கியம் சூடான பாலை ஆற்றுவதுபோல ஊதினார். ஏழு மணி இருபது. வாக்குச்சாவடி லூயி-பிளாங்குக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம். குகன் முன்னே ஓட, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு சிவபாக்கியம் நடுவில் ஓட, நான் பின்னால் மூச்சு வாங்க ஓடினேன். தெருவில் இருந்த தமிழர்கள் யாருக்கு என்ன ஆபத்தோ என்று கடைகளை விட்டு வெளியே வந்து பார்த்தார்கள்.

ஏழு நாற்பதுக்குச் சிவபாக்கியம் திரைக்குப் பின்னால் போனார். நெடுநேரம் வெளியே வரவில்லை. குகன் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். கடைசியில் வந்தார், வாக்குச்சீட்டு வைத்த உறையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், பெட்டிக்குள் விட்டார். வாக்குச்சாவடித் தலைவர் உரத்த குரலில் வழக்கமான இரண்டு சொல்லைச் சொன்னார்: "அ வோத்தே." வாக்களித்தாயிற்று என்று பொருள். நாள் முழுக்க ஆயிரம் பேருக்குச் சொல்லிச் சொல்லி அவருக்குக் குரல் கட்டியிருந்தது. எனக்கு என்னவோ கோயில் மணி அடித்தது மாதிரி இருந்தது. நான் வெட்கப்படாமல் அழுதேன். சிவபாக்கியம் அழவில்லை. "இவ்வளவுதானோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

மறுநாள் காலை மதாம் கெரூவெலின் மேசையில் ஒரு பெட்டி நிறையச் சீனி அரியதரம் இருந்தது. "இவை வடக்குப் பலகாரமா, தெற்குப் பலகாரமா?" என்று கேட்டார். கமலா தெற்கில் சுட்டு வடக்குக்கு அனுப்பியவை என்றேன். எல்லை தாண்டிய பொருளை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டு மூன்று தின்றார். பின்னொரு நாள் சிவபாக்கியம் நன்றி சொல்ல நேரில் வந்தபோது, அந்த நான்கு வரிச் சீட்டு ஏன் என்று கேட்டார். மதாம் கெரூவெலின் சட்டத்தைத் தமிழில் சொன்னேன். நன்றாக இருக்கு என்று இரண்டு தரம் சொன்னார்.

2018-இல் இருபது சின்ன நீதிமன்றங்களையும் மூடி, கிளிஷி வாயிலில் கட்டிய கண்ணாடிக் கோபுரத்துக்கு எல்லோரையும் கொண்டுபோனார்கள். பெருஞ்சாலையின் இரு பக்கமும் இப்போது ஒரே நீதிமன்றம். யாழ்ப்பாணத்து மக்கள் சொன்னதை அரசாங்கம் ஒருவழியாக ஒப்புக்கொண்டது என்று நான் அங்கே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். வருத்தப்பட்டவர்கள் உண்டு, எனக்கு வருத்தமில்லை. மின்தூக்கி இருந்தது, முழங்காலுக்கு நல்லது. அடுத்த வருடம் முத்திரையை அந்தப் புதுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றேன்.

அதே முழங்காலுக்காக, மின்தூக்கி இல்லாத நாலாம் மாடி வீட்டை விட்டு இரண்டு தெரு தள்ளி வேறு வீட்டுக்குப் போனேன். 2022-இல் தேர்தல் வந்தது. மாலை ஏழு மணி தாண்டி, புது வீட்டு வாசலில் இருந்த பள்ளிக்கூடத்துக்குக் காலாற நடந்து போய் அடையாள அட்டையை நீட்டினேன். மேசையில் தன்னார்வலராக உட்கார்ந்து பட்டியலின் மேல் அளவுகோலை நகர்த்திக்கொண்டிருந்த பெண்மணி மேலிருந்து கீழே பார்த்தார், கீழிருந்து மேலே பார்த்தார். மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலை.

"அக்கா," என்றார் சிவபாக்கியம், "உங்கடை பேர் இல்லை. வீடு கீடு மாறினனீங்களோ?"

"நான் எங்க மாறினேன்? ரெண்டு தெரு தள்ளி வந்தேன், அவ்வளவு..." என்று தொடங்கி அப்படியே நின்றுவிட்டேன்.

அவர் சிரித்த சிரிப்பில் வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். சிரித்து முடித்து ஒரு தாளை இரண்டாகக் கிழித்தார். நிதானமாக நான்கு வரி எழுதினார்.

"இஞ்சை இல்லை எண்டு சும்மா சொல்லக்கூடாது அக்கா, எங்கை எண்டு எழுதிக் குடுக்கோணும். பழைய பள்ளிக்கூடம், இடப்பக்கக் கதவு. உங்கடை பேர் அங்கைதான் இருக்கும். அந்த மேசையிலை எங்கடை கமலா இருக்கிறா. பயப்பிடாதேங்கோ, இப்ப அவ வேறை ஆக்களின்ரை கடிதத்துக்குக் கையெழுத்துப் போடுறேல்லை. கெதியா ஓடுங்கோ, எட்டு மணிக்குப் பூட்டிப் போடுவினம்."

சீட்டைப் பிடித்துக்கொண்டு, முழங்காலையும் மறந்து ஓடினேன்.